ஆண்டெனாவுக்கு வைத்த பொட்டு

ரொம்ப நாளாக முடியாத வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வரும். படுத்தால் மட்டும் வராது. நான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே தூங்கியிருக்கிறேன். (பரிமாறியவர் நல்ல மனிதர். எழுப்பாமல் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.) அந்த முடியாத வேலையின் பெயர் பி.எச்டி.

கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, அங்கேயே பகுதி நேரமாக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். தலைப்பு: மில்லிமீட்டர் அலைத் தொடர்புக்கான சிறிய, அதிக கெயின் கொண்ட பேட்ச் ஆண்டெனா. இதைச் சொன்னவுடன் உறவினர்கள் மொட்டை மாடியில் முன்பு நட்டுவைத்திருந்த மீன்முள் ஆண்டெனாவை நினைத்துக்கொண்டு, "அதான் கேபிள் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இது?" என்பார்கள். நான் பொறுமையாக விளக்குவேன். புதிய செல்போன்கள் பயன்படுத்தப்போகும் அலை மிகவும் குட்டையானது, நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதனால் ஆண்டெனாவும் அட்டையில் ஒட்டிய ஒரு செம்புத் துணுக்காக, மிளகு அளவில்தான் இருக்கும். கெயின் என்பது சக்தியை நாலாபக்கமும் இறைக்காமல் ஒரே பக்கமாகக் குவித்து அனுப்புவது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகிற மாதிரி. தொல்லை என்னவென்றால், கெயின் கூட வேண்டுமானால் ஆண்டெனா பெரிதாக வேண்டும். என் தலைப்பிலோ 'சிறிய' என்று இருக்கிறது. தலைப்பைப் பதிவு செய்த அன்று எனக்கு இளமை, எதையும் செய்துவிடலாம் என்ற நினைப்பு.

பல வருஷம் கணினியில் மாதிரி வரைந்தேன். ஒரு மாதிரியைக் கணக்குப் போட்டு முடிக்கக் கணினிக்கு அரை நாள் ஆகும். முடிந்து பார்த்தால் கெயின் போன தடவையைவிடக் குறைந்திருக்கும். செம்பின் ஒரு ஓரத்தைத் தலைமுடியளவு வெட்டிவிட்டு மறுபடியும் அரை நாள் காத்திருப்பேன். இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், நடக்கக் கற்றாள், பேசக் கற்றாள், "அப்பா என்ன பண்றாரு?" என்று யாராவது கேட்டால் "வெயிட் பண்றாரு" என்று பதில் சொல்லவும் கற்றாள்.

கடைசியில் ஒரு வடிவம் அமைந்தது. நடுவில் ஒரு செம்புத் துணுக்கு, அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி குட்டித் துணுக்குகள், இடையில் மயிரிழை இடைவெளி. நடுவில் இருப்பதற்கு மட்டும்தான் சிக்னல் கொடுப்போம். மற்றவை அந்த இடைவெளி வழியாக அதைப் பிடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடும். எல்லாம் சேர்ந்து பாடும்போது கெயின் கூடும். இப்படிச் செய்து வாங்கிய அட்டைகளில் பல வீணாகி, ஒன்றே ஒன்று தேறியது. சுவரெல்லாம் நீல நுரைக் கூம்புகள் ஒட்டிய சோதனை அறையில் அதை வைத்து அளந்தேன். வெளியே போகாமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் வரைகோடு எந்த இடத்தில் கீழே இறங்க வேண்டுமோ அந்த இடத்தில் சமர்த்தாக இறங்கியது. என் வழிகாட்டிப் பேராசிரியை (எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான்) எட்டிப் பார்த்து "ம்" என்றார். அவரிடமிருந்து அத்தனை வருஷத்தில் நான் பெற்ற உச்சபட்சப் பாராட்டு அது.

அந்த ஒற்றை அட்டையை நம்பித்தான் எல்லாம் இருந்தது. என் நீட்டிப்புகள் தீர்ந்துவிட்டன. விஜயதசமிக்கு மறுநாள் வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், அவர் முன்னால் அட்டையை அளந்து காட்ட வேண்டும். நான் சொன்ன கெயின் வந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். வராவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருஷமும் பூஜ்யம். மேடம் இதை என்னிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார், நான் தூங்கிவிட்டேனோ என்ற சந்தேகத்தில்.

விடுமுறை தொடங்கும் முன்பே லேபில் ஆயுத பூஜை வந்தது. லேப் உதவியாளர் ஒரு சிறிய வாளி நிறைய சந்தனம் கரைத்துக்கொண்டு வந்து, கோடிக்கணக்கில் விலை போகும் கருவிகளுக்கெல்லாம் மூன்று விரலால் பட்டை போட ஆரம்பித்தார். அலையை அளக்கும் கருவிக்கு நெற்றி நிறைய சந்தனம். ஏசிக்குப் பொட்டு. தீயணைப்பு உருளைக்கு மாலை. அவர் என் மேஜையை நோக்கி வருவதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மயிரிழை இடைவெளிக்குள் ஒரு துளி சந்தனம் போனால் பின்பாட்டு நின்றுவிடும். அட்டையை அள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அதை வைப்பதற்கு என் மனைவி செல்வியின் கம்மல் பெட்டி சரியாக இருந்தது. சிவப்புப் பெட்டி, உள்ளே பஞ்சு.

விடுமுறைக்கு மாமியார் வீட்டுக்குப் போவது வழக்கம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு. அத்தை கரையில் ஏலம் விடும் மீனை மொத்தமாக எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு வெளியூர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். என் மச்சான் குமார் கேளம்பாக்கம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். செல்வி செங்கல்பட்டில் நர்ஸ். அந்த வீட்டில் சும்மா இருப்பவர் யாரும் கிடையாது. நான் உள்ளே நுழைந்தால்தான் சராசரி குறையும்.

கம்மல் பெட்டியைத் திறந்து காட்டினேன். குமார் குனிந்து பார்த்தான்.

"இன்னா மாமா, இத்தினியூண்டு கீது? இதுக்கா இத்தினி வருசம்?"

"இது வழியாதான் சிக்னல் போவும் மச்சான்."

"எவ்ளோ தூரம் போவும்?"

"தெருக்கோடி வரைக்கும்."

"அவ்ளோதானா?"

"குறுக்க மரம் இருந்தா அதுவும் போவாது."

"ஆளு நின்னா?"

"நின்னுடும்."

குமார் என்னை உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பது போல இரக்கத்தோடு பார்த்தான். "நம்ம ஆட்டோவே தேவலாம் மாமா. ஆளு நின்னா ஹாரன் அடிச்சாவது பூந்து போய்டும்."

மறுநாள் ஆயுத பூஜை. கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் எல்லோருடைய தொழிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அத்தையின் தராசு, ஐஸ் உடைக்கும் கட்டை, குமாரின் ஜாக்கியும் ஸ்பேனர்களும், செல்வியின் பி.பி. கருவி, மகளின் பென்சில் டப்பா. அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நின்று வரிசையைச் சரிபார்த்தார்.

"இன்னா மாப்ள, எல்லாரு ஆயுதமும் வந்துச்சு. உங்களுது எங்க?"

"என்னுது வேணாம் அத்த. அது ரொம்ப நுணுக்கமானது. சந்தனம் படக் கூடாது."

"சாமி படக் கூடாத தொழிலும் கீதா?"

இங்கேதான் நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசையாக இருந்தது. அவ்வளவு வருஷம் கணினியைக் கெஞ்சி, அச்சடித்துத் தருபவரைக் கெஞ்சி, மேடத்தைக் கெஞ்சிக் களைத்துப்போன ஒருவனுக்கு, கெஞ்சுவதற்குப் புதிதாக ஒரு ஆள் கிடைத்தால் விடத் தோன்றுமா? தராசுக்கும் ஜாக்கிக்கும் கிடைக்கிற அருள் என் அட்டைக்கும் கொஞ்சம் கிடைக்கட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

உடனே மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் போதெல்லாம் எனக்கு ஏதாவது ஆகிவிடுகிறது.) அட்டையின் முன்பக்கத்தில்தான் ஆண்டெனா. பின்பக்கம் முழுவதும் ஒரே செம்புத் தகடு, எங்கள் பாஷையில் 'கிரவுண்ட்'. அலை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, பின்பக்கத்தில் பொட்டு வைத்தால் சாமிக்கும் குறையில்லை, கெயினுக்கும் குறையில்லை! அறிவியலும் ஆன்மிகமும் கைகுலுக்கிக்கொள்ளும் இந்தத் தீர்வைக் கண்டுபிடித்த பெருமையில் நெஞ்சு விம்ம, அட்டையைத் திருப்பிப் பின்னால் கடுகளவு சந்தனமும் அதன்மேல் துளி குங்குமமும் வைத்தேன். ஊதிக் காயவைத்தேன். முன்பக்கம் மேலே தெரியும்படி கம்மல் பெட்டியில் படுக்க வைத்து, மூடியைத் திறந்தபடி தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். "யாரும் தொடக் கூடாது" என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு குமாரின் ஆட்டோவுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கவும், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவும் வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. யாரோ பொறுப்பாக மூடியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். விஜயதசமியன்று கற்பூரம் காட்டி எடுத்த பிறகும் நான் பெட்டியைத் திறக்கவில்லை. அது கடலோர வீடு, உப்புக்காற்று பட்டால் செம்பு கறுத்துவிடும் என்ற முன்ஜாக்கிரதை. எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் பாருங்கள்.

ரிவ்யூ அன்று காலை குமாரே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் மாலை, கலர் காகிதத் தோரணம். கல்லூரி வாசலில் வெளியூர்ப் பேராசிரியரின் கார் நின்ற அதே நேரத்தில் நானும் போய் இறங்கினேன். அவர் ஆட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மாப்பிள்ளையா?" என்று கேட்டார். "ஸ்காலர் சார்" என்றேன்.

முதலில் அட்டையின் அமைப்பைக் காட்ட வேண்டும். சின்னப் பொருள் என்பதால் மைக்ரோஸ்கோப் கேமராவுக்கு அடியில் வைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டுவது வழக்கம். நான் பெட்டியைத் திறந்து, கண்ணைத் திரையில் வைத்தபடியே, இடுக்கியால் அட்டையை எடுத்து வைத்தேன். "சார், மயிரிழை இடைவெளிகளை நீங்க இப்போ தெளிவாப் பார்க்கலாம்" என்றேன்.

சுவர் முழுவதும் மஞ்சள். கோடையில் கொளவாய் ஏரி வெடித்துக் கிடக்கிற மாதிரி பாளம் பாளமாகக் காய்ந்த மஞ்சள். நடுவில் தட்டளவு சிவப்பாக ஒரு வட்டம். ஓரத்தில் ஒரு சாமந்தி இதழ்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கெயினைக் கூட்டுவதற்காகச் சிலர் ஆண்டெனாவுக்கு மேலே வேறு பொருளில் ஒரு அடுக்கு வைப்பதுண்டு. அந்த நினைவு எதற்காக அப்போது வந்ததோ தெரியவில்லை.

"மேலடுக்கு சார்" என்றேன்.

மேடம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அப்படியா? என்ன பொருள்?" பேராசிரியருக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது.

"இயற்கைப் பொருள் சார். உள்ளூர்லயே கிடைக்குது."

அவர் குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "வாசனையா இருக்கே."

"ஆமா சார்."

"மேல சிவப்பா இருக்கிறது?"

"அது ரெண்டாவது அடுக்கு சார்."

"சரி, அளந்து பார்க்கலாம்" என்றார்.

அளந்தோம். இறங்க வேண்டிய இடத்தில் வரைகோடு இறங்கவில்லை. எங்கோ தூரத்தில் போய், யாரும் கேட்காத இடத்தில் லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. கெயின் என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. மேஜையில் சும்மா கிடந்த ஒயர் துண்டே அதைவிட நன்றாக அனுப்பியிருக்கும். பேராசிரியர் அட்டையை இடுக்கியால் எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் கடுகளவில், அழகாக, என் பொட்டு.

"பின்னாடியும் மேலடுக்கா?"

எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை. "இல்ல சார். அது நான் வச்ச பொட்டு. பின்னாடி வச்சா அலை பாதிக்காதுன்னு யோசிச்சு வச்சேன்."

"அப்போ முன்னாடி?"

"மாமியார் சார்."

யாரோ ஒரு மாணவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவசரமாக, "துடைச்சிடலாம் சார், ஒரு நிமிஷம்" என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சந்தனம் வந்தது. குங்குமம் வந்தது. மூன்றாவதாக, நடுத் துணுக்குக்குச் சிக்னல் கொண்டுபோகும் அந்த முடி போன்ற செம்புக் கோடும் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு சுருண்டு வந்தது. இருந்த ஒரே அட்டையும் செத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கூடவே தூக்கமும் வந்தது.

என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே பேசினார்கள். வராந்தாவில் அத்தைக்கு போன் போட்டேன்.

"அத்த, பெட்டியில இருந்த அட்டைக்கு நீங்க பொட்டு வச்சீங்களா?"

"பின்ன? எல்லாத்துக்கும் வச்சேன், அது ஒண்ணு மட்டும் மூளியா கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு, கொஞ்சம் தூக்கலாவே வச்சி மூடி வச்சேன்."

"நான்தான் பின்னாடி வச்சிருந்தேனே!"

"பின்னாடியா?" அத்தையின் குரலில் உண்மையான அதிர்ச்சி. "யாராச்சும் பொடரியில பொட்டு வைப்பாங்களா மாப்ள?"

நான் என் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். பதிவு ரத்து என்ற வார்த்தைக்கு மனசைத் தயார் செய்துகொண்டு நின்றேன். பேராசிரியர் அந்தக் கோணல் வரைகோட்டைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"உங்க கணினி மாதிரி சரின்னு சொல்றீங்க. சரியான மாதிரி நல்லதுக்கு மட்டும் இல்ல, கெட்டதுக்கும் சரியாச் சொல்லணும். அதுல சந்தனத்தையும் குங்குமத்தையும் போடுங்க. இந்தக் கோணல் கோடு அப்படியே வந்தா, முன்னாடி வந்த நல்ல கோடும் நிஜம்னு நான் நம்புறேன். பொங்கல் வரைக்கும் டைம். வரலைன்னா மன்னிச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு நான் செய்த ஆராய்ச்சியை நினைத்தால் இப்போதும் கொட்டாவி வருகிறது. சந்தனத்தின் மின்குணத்தை அளக்க வேண்டும். ஆனால் எந்தச் சந்தனம்? அத்தையிடம் கேட்டேன், "அன்னிக்கு எவ்ளோ தண்ணி ஊத்தினீங்க?" "யாரு அளந்தா? பன்னீரும் ஊத்தினேன்" என்றார். பன்னீர்! மறுபடியும் கணக்கு மாறியது. பொட்டு எவ்வளவு கனம் என்று தெரிய, வெறும் அட்டைகளைக் கொடுத்து "அன்னிக்கு வச்ச மாதிரியே வைங்க அத்த" என்றேன். அத்தை வைக்க வைக்க, ஸ்கேலோடு பக்கத்திலேயே நின்றேன். "அன்னிக்கு பக்தியா வச்சேன் மாப்ள. இன்னிக்கு நீங்க குச்சி வச்சிகினு நிக்கிறீங்க, எனக்குக் கை ஒதறுது" என்றார். லேப் முழுவதும் கோயில் வாசனை. மாணவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் கணினி வழக்கம்போல அரை நாள் எடுத்துக்கொண்டது. நான் வழக்கம்போல வெயிட் பண்ணினேன்.

போகிக்கு முந்தின நாள் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அதே கோணல், அதே குனிந்து நிமிர்தல். மேடம் எட்டிப் பார்த்து "ம்" என்றார். கொஞ்சம் நீளமான "ம்". பேராசிரியரும் ஒத்துக்கொண்டார். ஆய்வேட்டில் சந்தனத்துக்கு ஒரு முழு அத்தியாயம் போனது.

கடைசி வாய்மொழித் தேர்வு நாள் காலையில் குமார் ஆட்டோவில் அத்தையே வந்து இறங்கினார், கையில் கிண்ணத்தோடு. அத்தை என் எதிரில் நின்று, சந்தனத்தில் விரலைத் தோய்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் தடவையாக, வைப்பதற்கு முன்னால் கேட்டார்.

"முன்னாடியா மாப்ள, பின்னாடியா?"

"பின்னாடியே வைங்க அத்த" என்று திரும்பிக் குனிந்தேன். பிடரியில் சில்லென்று பட்டது. குமார் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதை மறந்துவிட்டேன். பேராசிரியர் கேள்வி கேட்டதும் போர்டில் சமன்பாடு எழுதத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் இருமுகிற மாதிரி சிரிக்கும் சத்தம். "போதும், உட்காருங்க டாக்டர். கிரவுண்ட் சரியா இருக்கு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன், படுத்தவுடன் தூங்கினேன்.

இன்றும் அத்தை கரையில் ஏலத்துக்கு நிற்கும்போது, "எங்க மாப்ளைய டாக்டராக்கினதே நான் வச்ச பொட்டுதான்" என்கிறார். மறுக்க முடியாது, ஆதாரம் என் ஆய்வேட்டிலேயே இருக்கிறது. நான் ஏதாவது அதிபுத்திசாலித்தனமாக யோசனை சொன்னால், "பொடரிப் பொட்டா மாமா?" என்று குமார் கேட்கிறான். போன வாரம் மகளுக்குப் பரீட்சை. பேனா, பென்சில், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு, செல்வி குங்குமச் சிமிழோடு வந்ததும், மகள் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"சீக்கிரம் வைம்மா," என்றாள். "அப்பா மாதிரி வெயிட் பண்ண எனக்கு டைம் இல்ல."